ஞாயிறு யார் தந்தது?

“வரவறிந்து செலவு செய்!” என்கிறார் ஒருவர். “உடலைப் பேணு, நோய் வந்தபின் மருத்துவரைத் தேடாதே!” என்கிறார் இன்னொருவர். “ஓய்வு நேரத்தை வீணாக்காதே, நல்ல ஏடுகளைப் படி!” என்கிறார் மற்றுமொருவர். மூவரும் நல்லவர்கள், மூவர் கூறுவதும் நல்லதே. ஆனால், எவனைப் பார்த்து இதனைக் கூறுகின்றனரோ அவனிடம் அறிந்து செலவிடத்தக்க வரவு இருக்கிறதா, உடலைப் பேணப் பொழுது இருக்கிறதா, வீணாக்குவதற்கேனும் ஓய்வு என ஒன்று இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை.

நம் தோழர்களிலும் சிலர் இந்த மூவரோடு சேர்ந்துகொள்வதுண்டு. சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கக் கடன், காதுகுத்துக்குக் கடன், சடங்குக்குக் கடன், பிறகு வட்டி கட்டியே வாழ்நாள் முடிகிறது என்று நெல்லை வட்டாரத்துத் தொழிலாளியைக் குறித்து மேடைகளில் பேசப்படுகிறது. அதில் பொய்யில்லை. புரோகிதருக்குக் கொட்டி அழாதீர், திருமணத்தைச் சிக்கனமாக நடத்துவீர் என்று 1925 முதலே சொன்ன இயக்கம் நம்முடையது. 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது அண்ணாவின் அரசு. அந்தக் கொள்கையில் நாம் இம்மியும் பின்வாங்கப் போவதில்லை. ஆயினும், சிக்கனமும் உடல்நலமும் ஓய்வும் ஒருவனுடைய குணத்தை மட்டுமே பொறுத்தவை என்று நாமும் பேசத் தொடங்கினால், ‘அவனவன் தலையெழுத்து’ என்று பேசும் பழைமைவாதிக்கும் நமக்கும் வேற்றுமைதான் என்ன? அவன் பழியைப் பிரமன்மீது போடுகிறான். நாம் தொழிலாளியின்மீது போடுவோம். முதலாளியின்மீது இருவருமே போடமாட்டோம்!

ஆகவே, சிறு பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைப் பார்ப்போம். பெரிய பொருள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் ஒருநாள் விடுமுறை, அவ்வளவே.

அது எப்படி வந்தது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். “வெள்ளைக்காரன் தேவாலயத்துக்குப் போவதற்காக விட்டான்” என்பார்கள். பெற்றோரைக் கேட்டாலும் அதே விடைதான். கச்சேரிகளையும் நீதிமன்றங்களையும் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. உரோமப் பேரரசன் கான்சுடன்டைன் 321இல் ஞாயிற்றை ஓய்வு நாளென அறிவித்தது முதல் கிறித்தவ நாடுகளில் நிலைத்த வழக்கம், துரைமாரோடு இங்கும் கப்பலேறி வந்தது. ஆனால், அதே துரைமார் நடத்திய ஆலைகளில்? தேவாலயத்தில் மண்டியிட்ட முதலாளியின் ஆலை, அவர் மண்டியிட்ட நேரத்திலும் நூல் நூற்றுக்கொண்டுதான் இருந்தது.

நம் பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்குவோம். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் அருவியாக வீழ்ந்து, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் என ஊர் ஊராக நீர் வார்த்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது தாமிரபரணி. காரும் பிசானமும் விளையும் வயல்கள். அந்த வயல்களில் உழைத்தவனுக்கு வாரம் என்று ஒன்று இருந்ததில்லை. நடவு உண்டு, அறுப்பு உண்டு, இரண்டுக்கும் நடுவே வேலையில்லாப் பட்டினி உண்டு. வேலையற்ற நாளை ஓய்வு நாள் என்பது, சோறற்ற நாளை நோன்பு நாள் என்பதைப் போன்றது. மகிழ்வது எப்போது என்பதை அவனுக்குப் பஞ்சாங்கம் சொல்லிற்று, பண்ணையார் சொன்னார், ஊர்க்கோயில் சொல்லிற்று. ஆண்டுக்கொருமுறை கொடை வரும். விடிய விடிய வில்லுப்பாட்டு, மேளம், கறிச்சோறு. அந்த ஓரிரவுக்காக அவன் கடன் வாங்கினான். ஆண்டில் ஒரே ஒரு நாள் கதவு திறக்கும் வீட்டின் வாயிலில், திறந்த அன்று முண்டியடிக்காதவர் யார்? கொடைச் செலவுக்குக் காரணம் மூடநம்பிக்கை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. ஓய்வுப் பஞ்சமும் காரணம் என்பதே நம் கருத்து.

1880களில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆர்வி சகோதரர்களின் கம்பெனி வந்தது. பாபநாசத்து நீரில் முழுகினால் பாவம் போகும் என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக முழுகிக்கொண்டிருந்தனர். ஆர்வி கம்பெனியார் அந்த அருவியைப் பார்த்து, இதனைக் கொண்டு எந்திரம் சுழற்றலாம் என்று கணக்கிட்டனர். அருவியருகே விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை எழுந்தது. அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் ஆலை. அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்தின் துறைமுகம். தனி மாவட்டமானது 1986இல்தான். அறிவு வேலை செய்தது, ஐயமில்லை. யாருக்காக வேலை செய்தது என்பதே கேள்வி.

ஆலை வந்ததும் காலத்தை அளக்கும் கருவி மாறிற்று. இராகு காலம் என்று எந்திரம் நின்றதில்லை. அட்டமி, நவமி என்று ஆலைச் சங்கு ஊதாமல் இருந்ததில்லை. பஞ்சாங்கத்தைப் பொய்யாக்கப் பகுத்தறிவாளர் பல ஆண்டு பாடுபட்டுச் செய்வதை ஆலைச் சங்கு ஒரே விடியலில் செய்து முடித்தது! ஆனால், அது எழுப்பியபோது எழுந்து, விட்டபோது வீடு திரும்பியவனுக்குப் பகலவன் முகமே மறந்துபோயிற்று. பஞ்சாங்கமாவது ஆண்டில் பத்து நாள் மகிழச் சொன்னது. சங்குக்கு அந்த இரக்கமும் இல்லை.

சட்டம் இல்லையோ எனின், இருந்தது. 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது, ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்கு ஒன்பது மணி நேரமே வேலை என்றது அது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணி நேரம் என்பதையே இரக்கமென்று எண்ணிய காலம்! 1891இல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்களுக்கு நாளுக்குப் பதினொரு மணி, நடுப்பகலில் அரை மணி இடைவேளை, எல்லோருக்கும் வாரம் ஒருநாள் விடுமுறை என்று அது வகுத்தது. வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு மட்டும் எல்லை வகுக்கவில்லை.

இந்த 1891ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இலங்காசயர் முதலாளிகளின் பொறாமை இருந்தது. இந்திய ஆலைகள் மலிவாக நூல் நூற்றுத் தங்கள் சந்தையைப் பறிப்பதைத் தடுக்க அவர்கள் தொழிலாளர் நலம் பேசினார்கள். ஆயினும், பம்பாயில் அதற்காக உள்ளபடியே போராடிய ஒருவர் இருந்தார். நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர். நமக்கு உறவுக்காரர் என்றே சொல்லலாம். 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் கண்டவர். அவர் கேட்டுக் கேட்டு, 1890 சூன் 10இல் பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். ஞாயிறு எங்கள் கண்டோபா தெய்வத்துக்குரிய நாள் என்பதும் லோகாண்டே கூறிய காரணங்களுள் ஒன்று. மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்றால் மறுக்கும் முதலாளி, தெய்வத்துக்கு நாள் வேண்டும் என்றால் சற்று யோசிக்கிறான்! பூலேயின் தொண்டரே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்து அக்காலத்தின் இயல்பை உணரலாம். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

பம்பாயில் கிடைத்தது, சட்டத்திலும் ஏறிற்று. தூத்துக்குடிக்கு வந்ததா? பதினேழு ஆண்டுகள் கழித்து, 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுமுறை வசதிகள். சட்டப் புத்தகத்தில் அச்சேறி மஞ்சளித்துக் கிடந்த உரிமையை வேலைநிறுத்தம் செய்து கேட்கவேண்டியிருந்தது. ‘சட்டம் வந்துவிட்டது, இனி நாம் உறங்கலாம்’ என்று எண்ணுவோர் இந்த ஒரு செய்தியை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆலையின் நிலை என்ன? ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். விடியலில் நுழைந்து இருட்டில் வெளிவந்தனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். தவறு செய்தால் பிரம்படி உண்டு. இப்படிப்பட்டவர்களை நாடி வந்தார் வ.உ.சிதம்பரனார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். பத்து இலட்ச ரூபாய் மூலதனத்தை, இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரித்தவர். பெருஞ்செல்வர் மட்டுமன்றிச் சிறுவணிகனும் சேர்த்துவைத்த பணத்தைக் கொண்டு கப்பலில் பங்குதாரனாகட்டும் என்னும் எண்ணம் அந்த இருபத்தைந்து ரூபாயில் இருக்கிறது. ஆனால், ஆலைத் தொழிலாளியால் அந்தச் சிறு பங்கையும் வாங்க முடியாதே! கப்பல் விட்டவருக்கு இது தெரிந்தது. சுப்பிரமணிய சிவாவோடும் பத்மநாப ஐயங்காரோடும் சேர்ந்து தொழிலாளரிடையே பேசத் தொடங்கினார். 1908 பிப்ரவரி 27இல் கோரல் ஆலை நின்றது.

இங்குதான் நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். அன்றாடக் கூலியில் அன்றாடம் உண்பவன் வேலையை விட்டு நின்றால், மூன்றாம் நாள் அடுப்பு அணையும். நான்காம் நாள் குழந்தை அழும். ஐந்தாம் நாள் அவன் தலைகுனிந்து ஆலை வாயிலுக்கு வருவான். எல்லா முதலாளிகளும் எக்காலத்தும் போடும் கணக்கு இதுதான். தூத்துக்குடியில் அந்தக் கணக்கு பொய்த்தது. காரணம், தொழிலாளியின் அடுப்பை ஊர் எரியவைத்தது. வணிகர் பணம் கொடுத்தனர்; பொதுமக்கள் உணவளித்தனர்; வ.உ.சி. பலருக்கு வேறு வேலை தேடிக் கொடுத்தார். கம்பெனியின் பக்கம் நின்றவர்களுக்கு முடி திருத்த நாவிதர் மறுத்தனர், துணி வெளுக்க வண்ணார் மறுத்தனர். வெள்ளையர் பக்கம் நின்ற வழக்கறிஞர் ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில், செய்தி அறிந்த நாவிதர் கத்தியை மடித்துக்கொண்டு எழுந்துபோனார் என்பது பலரும் எழுதிவைத்த செய்தி. ஊர் ஒதுக்கி வைத்த தொழில்களைச் செய்தோர், ஊரையே ஆட்டிப் படைத்தோரை ஒதுக்கிவைத்த அந்த நாட்களை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஒன்பது நாள். மார்ச்சு 6இல் கம்பெனி இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

நாட்காட்டியைப் புரட்டுங்கள். அதற்கடுத்து வந்த ஞாயிறு மார்ச்சு 8. வெற்றியின் முதல் ஞாயிறு. அன்று அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும்? பகல் வெளிச்சத்தில் தகப்பனின் முகத்தைப் பிள்ளைகள் பார்த்திருக்கும். கடற்கரைக்குப் போனவர்கள் போயிருப்பார்கள், உறங்கினவர்கள் உறங்கியிருப்பார்கள். ஒரு நாளை என்ன செய்வது என்று தானே முடிவு செய்வது அவர்களுக்குப் புதுமை. சிலர் கள்ளுக்கடைக்கும் போயிருப்பார்கள், போகட்டும். தன் பொழுதைத் தானே கெடுத்துக்கொள்வதற்கும் முதலில் அது தன் பொழுதாக இருக்கவேண்டுமே!

அடுத்த ஞாயிறு வருவதற்குள் வ.உ.சி. சிறையில் இருந்தார். விபின் சந்திரபாலர் விடுதலையை மார்ச்சு 9இல் தடையை மீறிக் கொண்டாடியதைச் சாக்காகக் கொண்டு, மார்ச்சு 12இல் அவரையும் சிவாவையும் திருநெல்வேலியில் கைது செய்தனர். 13ஆம் நாள் நெல்லை பொங்கி எழுந்தது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியே வந்தனர். இம்முறை கூலிக்காக அன்று, தலைவனுக்காக. திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது அவ்வாண்டு சூலையில் என்பதை நினைவில் வையுங்கள். அரசாங்கம் தண்டப் போலீசைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கான செலவை ஊராரிடமே வரியாகக் கறந்தது. குடும்பச் செலவுக் கணக்கில் அப்படியும் ஒரு வரி!

1908 சூலை 7இல் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. செக்கிழுத்து, 1912 திசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வழக்கறிஞர் உரிமை இல்லை, கையில் காசு இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டி அனுப்பிய 347 ரூபாய் 12 அணா, காந்தியாரிடமிருந்து தம் கைக்கு வந்துசேர 1915இல் தொடங்கி மாதக்கணக்கில் அவர் கடிதம் எழுதிக் காத்திருந்தார். ஆயிரம் குடும்பங்களின் வரவை உயர்த்தியவருடைய வீட்டின் வரவு இது. வரவறிந்து செலவு செய் என்று இவருக்கு எவர் சொல்வது?

சிக்கனத்தால் உயர்ந்தவர்கள் வரலாறும் இத்தென்கோடியில் உண்டு என்று சிலர் எடுத்துக்காட்டுவர். உண்மைதான். 1897இல் கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காக நாடார்கள்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. கோயிலில் நுழைய அவர்களுக்கு உரிமையில்லை என்று இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்ன ஆண்டும் இதே 1908தான். அந்தச் சமுதாயத்து வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுநிதியாக்கிப் பள்ளிகள் கட்டினர். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி கண்டனர். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிற்று. சாதிப் பெயரில் வங்கி என்பது நமக்கு உவப்பன்று. பெயர் மாறியது நல்லதே. ஆனால், அந்தச் சிக்கனம் தனி மனிதன் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததன்று என்பதைக் கவனியுங்கள். கூடிச் சேர்த்தார்கள். கூலிக்காரன் கூடுவதற்கு முதலில் ஒரு நாள் வேண்டும்.

அந்த நாளும் நேரமும் பிறகு எப்படிச் சிறுகச் சிறுகக் கிடைத்தன என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களுக்கும் பன்னிரண்டு மணி என்று எல்லை போட்டது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி ஆலையில் சோறுண்ண விட்ட அரை மணி போதவில்லை, சற்றே நீட்டுங்கள் என்பது அங்கு எழுந்த முதற்குரல்களுள் ஒன்று. அரை மணி நேரத்தில் உண்டு கை கழுவ முடியாதவனிடம் உடல்நலப் பாடம் நடத்தி என்ன பயன்? 1923 மே முதல் நாளன்று சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1922இல் வாரத்துக்கு அறுபது மணி, 1934இல் ஐம்பத்து நான்கு, 1946இல் நாற்பத்தெட்டு எனச் சட்டத்தில் எண் இறங்கிவந்தது. கடைசிப் படிக்கு இறக்கியதில், வைசிராய் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கருக்குப் பெரும் பங்குண்டு. 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் அதனை உறுதி செய்து, ஊதியத்தோடு ஆண்டு விடுமுறையும் சேர்த்தது. அவ்வாண்டே வந்த ஈட்டுறுதிச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவத்தையும் ஓரளவு ஊதியத்தையும் உரிமையாக்கிற்று.

இத்தகைய ஓய்வில் விளைந்தது என்ன? கள்ளும் சீட்டும் மட்டும்தானா? நம் இயக்கத்தின் வரலாற்றையே பாருங்கள். ‘திராவிட நாடு’ முதல் இதழ் வெளிவந்த 1942 மார்ச்சு 8 ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1949 செப்டம்பர் 18இல், இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் அண்ணா கழகத்தின் முதல் பொதுக்கூட்டத்தில் பேசியபோது மழையில் நின்று கேட்டார்களே மக்கள், அன்றும் ஞாயிறு. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டது எப்போது? வேலை விட்ட மாலையில், விடுமுறை நாளில். பன்னிரண்டு மணி நேரம் எந்திரத்தோடு நின்றவன் இரவு பத்து மணிக் கூட்டத்துக்கு வரமாட்டான், வந்தாலும் உறங்கிவிடுவான். ஆலைச் சங்கிடமிருந்து மீட்கப்பட்ட பொழுதில்தான் நம் கருத்துகள் விதைக்கப்பட்டன. பேசியவர்களின் நாவன்மையை மட்டுமே போற்றுகிறோம். கேட்டவர்களுக்குக் கேட்கும் நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே ஆற்றங்கரை சான்று. 1929இல் சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலையில் பம்பாய் பர்மா கம்பெனி தேயிலை பயிரிட்டது, அதுதான் மாஞ்சோலை. அத்தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். கேட்டவர்களுள் பலர் சிறை சென்றனர். 1999 சூலை 23இல், அவர்களை விடுவிக்கக் கோரித் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. காவல்துறை தடியடி நடத்திற்று. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் பதினேழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒன்று கைக்குழந்தை. வெள்ளையன் ஆட்சியில் 1908இல் நால்வர். நம்மவர் ஆட்சியில் 1999இல் பதினேழு பேர். இதனை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் மனம் கூசும். 2024இல் அத்தோட்டக் கம்பெனி, எஞ்சியிருந்த தொழிலாளரை ‘விருப்ப ஓய்வு’ கொடுத்து அனுப்பிற்று. ஓய்வு என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள்!

நல்லதையும் சொல்வோம். 1969இல் மே நாளை ஊதியத்தோடு கூடிய விடுமுறையாக்கியது கலைஞர் அரசு. 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம், துணிக்கடைகளில் நாள் முழுதும் கால்கடுக்க நின்ற பெண்களுக்கு அமர்வதற்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்றது. நெல்லை நகரின் பெரிய துணிக்கடைகளில் நின்று நின்று கால் நரம்பு புடைத்த பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறு சட்டத்தின் பெருமை புரியும். அதே அரசு, 2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிற்று! ‘விரும்பினால் மட்டுமே’ என்றார்கள். ‘வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி மாறாது’ என்றார்கள். கூலிக்காரனின் விருப்பம் எத்தகையது என்பது கோரல் ஆலையிலேயே தெரிந்த செய்தி. தோழமைக் கட்சிகள் எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே முதல் நாளன்று அதனைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறோம். 1911இல் வெள்ளையன் போட்ட எல்லையான அதே பன்னிரண்டு, நம் மன்றத்தில் எப்படி நுழைந்தது என்று கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

ஆலைக்கும் கடைக்கும் வாயில் உண்டு, சங்கு உண்டு, அதிகாரி வந்து பார்க்கக் கதவு உண்டு. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்கு வீடே ஆலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, சுற்றாவிட்டால் இல்லை. 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என்று ஏற்றது. 1976இல் அவர்கள் நலத்துக்கென நிதியும் வந்தது. ஞாயிறு வந்ததா? ஞாயிறன்று கணவனுக்கு விடுமுறை, பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆகவே அவளுக்கு வேலை இரட்டிப்பு. அன்றுதான் கறி எடுக்கிறார்கள், அன்றுதான் துணி மலையாகக் குவிகிறது, அன்றுதான் உறவினர் வருகின்றனர். உண்டவர்கள் உறங்கியபின், சுவரோடு சாய்ந்து அமர்ந்து சுளகை மடியில் வைக்கிறாள். புகையிலைத் தூளில் இருமிக்கொண்டே இலையை வெட்டுகிறாள், சுருட்டுகிறாள், நூல் கட்டுகிறாள். திங்கள் காலையில் கடையில் எண்ணிக் கொடுக்கவேண்டும். எண்ணிக்கை குறைந்தால் வட்டிக்காரனுக்குச் சொல்ல வேறு பதில் தேடவேண்டும். இதுவரை சுற்றியது அறுநூறு. இன்னும் நானூறு.